மலைமேல் ஒரு பந்தயச் சாலை

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் நியூ சவுத் வேல்ஸ் என்னும் மாநிலம் உள்ளது. அதன் தலைநகராகிய சிட்னியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டு, நீலமலைத் தொடரைக் கடந்து, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சென்றால் பாதர்ஸ்ட் என்னும் ஊரை அடையலாம். 1815ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இவ்வூர், அக்கண்டத்தின் உள்நாட்டில் ஐரோப்பியர் அமைத்த ஊர்களுள் மிகப் பழையது. சுற்றிலும் ஆடு மேயும் புல்வெளிகள். ஊரை ஒட்டி ஒரு மலை. அம்மலையின் மேல் ஏறி, உச்சியில் வளைந்து நெளிந்து, மறுபுறம் இறங்கிப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும் ஒரு தார்ச்சாலை உண்டு. அதன் நீளம் 6.213 கிலோமீட்டர். அச்சாலையின் ஓரத்தில் வீடுகள் இருக்கின்றன. பால் வாங்கச் செல்வோரும், பள்ளிக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்வோரும் அவ்வழியே தம் கார்களை ஓட்டுவர். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் காவலர் பிடித்துத் தண்டம் விதிப்பர்.

ஆண்டில் சில நாட்கள் மட்டும் அச்சாலை பொதுமக்களுக்கு அடைக்கப்படும். அந்நாட்களில் அதே சாலையில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கிக் கார்கள் பறக்கும். உலகப் புகழ் பெற்ற மவுண்ட் பனோரமா பந்தயச் சாலை இதுவே.

பந்தயத்திற்கென்றே திடல் வாங்கி, வேலியிட்டு, விதிப்படி அளந்து கட்டிய களங்கள் உலகெங்கும் பல உள்ளன. மவுண்ட் பனோரமா அவ்வாறு பிறந்ததன்று. 1930க்குப் பின் உலகெங்கும் பரவிய பொருளாதார மந்தம் ஆஸ்திரேலியாவையும் வாட்டியது. பல்லாயிரவர் வேலையிழந்தனர். அவர்களுக்கு வேலையும் கூலியும் அளிக்கும் பொருட்டு அரசு பொதுப்பணிகளைத் தொடங்கியது. அக்காலத்தில் பாதர்ஸ்ட் நகரின் மேயராக இருந்தவர் மார்ட்டின் கிரிபின். அதற்குமுன் சில ஆண்டுகளாக ஈஸ்டர் விழாவின்போது ஊருக்கு அருகிலிருந்த வேல் என்னும் சாலையில் மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்துவந்தன. அவற்றைக் காண வெளியூரார் திரண்டு வந்ததும், ஊரின் கடைகளும் விடுதிகளும் அதனால் பயனடைந்ததும் மேயருக்குத் தெரியும். நிலையான ஒரு பந்தயச் சாலை வேண்டுமென அவர் விரும்பினார். ஆனால், பந்தயத்திற்கெனப் பணம் கேட்டால் அரசு கொடுக்குமா? ஆகவே, 'மொட்டைக் குன்றுகள்' என்று பொருள்படும் பெயரால் வழங்கிய அம்மலையின்மீது, சுற்றுலாப் பயணிகள் இயற்கைக் காட்சியைக் கண்டு களிப்பதற்கு ஒரு சாலை வேண்டும் எனத் திட்டம் வகுக்கப்பட்டது. பணமும் வந்தது, வேலையற்றோர் கூலியும் பெற்றனர். 1938ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் சாலை திறக்கப்பெற்றது. அடுத்த மாதமே ஈஸ்டர் வந்தது. அதில் பந்தயமும் நடந்தது! காட்சி காண அமைத்த சாலையில் முதலில் கண்ட காட்சி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு சீறிய வண்டிகளே. சாலையில் அப்போது தார்கூட இடப்படவில்லை. அவ்வாண்டின் ஆஸ்திரேலிய கிராண்ட் பிரீ பந்தயத்தில் பீட்டர் வைட்ஹெட் என்னும் ஆங்கிலேயர் வென்றார். மேயர் கையாண்ட முறை முற்றும் நேரியதெனக் கூற இயலாது. எனினும் பாதர்ஸ்ட் மக்கள் அவரை இன்றும் நன்றியுடனேயே நினைக்கின்றனர். சாலையின் ஒரு வளைவு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இச்சாலையில் ஒருமுறை சுற்றி வருதல் எத்தகையது? பந்தயம் தொடங்குமிடம் மலையடிவாரத்தில் உள்ளது. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பும் முதல் வளைவுக்கு 'நரக முனை' என்று பெயர். முற்காலத்தில் அவ்வளைவில் ஒரு மரத்தின் அடிக்கட்டை இருந்ததென்றும், அதில் மோதியவன் நேரே நரகத்திற்குப் போவான் என ஓட்டுநர் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டனர் என்றும் கூறுவர். அதைக் கடந்ததும் சாலை நேராக மலைமேல் ஏறுகிறது. பின்னர், மலையை வெட்டி அமைத்த குறுகிய வளைவு ஒன்று வருகிறது. அங்கே ஏற்றம் மிகக் கடுமையானது. ஆறடி முன்னே சென்றால் ஏறத்தாழ ஓரடி மேலே ஏற வேண்டும். சாலையின் மிகத் தாழ்ந்த இடத்திற்கும் மிக உயர்ந்த இடத்திற்கும் இடையேயுள்ள உயரம் 174 மீட்டர் ஆகும்.

உச்சியை அடைந்ததும் காட்சி மாறுகிறது. இருபுறமும் கான்கிரீட்டுச் சுவர்கள். நடுவே ஒடுங்கிய சாலை. ஓட்டுநரின் கண்ணுக்கு முன்னால் வானம் தெரியும், சாலை தெரியாது. அது திடீரென்று கீழே சரிந்து, பாம்புபோல் இடமும் வலமும் நெளிந்து இறங்கும். அவ்விடத்தில் கார் சுவரைத் தொடாமல், ஆனால் சுவருக்கு ஒரு சாண் இடைவெளி மட்டும் விட்டு, ஒட்டிச் செல்ல வேண்டும். விலகிச் சென்றால் நேரம் போகும். நெருங்கிச் சென்றால் சக்கரம் போகும். இறக்கம் முடியுமிடத்தில் 'பாரஸ்டின் முழங்கை' என்றொரு வளைவு உண்டு. ஜாக் பாரஸ்ட் என்னும் மோட்டார் சைக்கிள் வீரர் அங்கே விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டமையால் அப்பெயர் வந்தது. அதற்கப்பால் நீண்ட நேர்சாலை. 1939இல் ஒரு பந்தயக் காரின் எஞ்சினில் 'கனெக்டிங் ராடு' எனப்படும் இணைப்புத் தண்டு அங்கே முறிந்தது. ஆதலின் அது 'கான்ராடு நேர்சாலை' ஆயிற்று. இப்பெயர்களைக் கூர்ந்து நோக்கினால், இச்சாலையின் வரலாறு பெரிதும் விபத்துகளின் வரலாறே என்பது விளங்கும்.

வேகம் கூடும்போது ஆபத்து எவ்வாறு கூடுகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அதே நொடியில் 83 மீட்டர் கடக்கும். வேகம் ஐந்து மடங்குதானே என எண்ணலாகாது. ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். ஆகவே, ஐந்து மடங்கு வேகத்தில் செல்லும் காரை நிறுத்த, இருபத்தைந்து மடங்கு ஆற்றலை எவ்வாறேனும் தணித்தாக வேண்டும். பிரேக்கு பிடித்தால் அவ்வாற்றல் வெப்பமாக மாறும். பிரேக்குத் தட்டுகள் செந்தழல்போல் ஒளிரும். பிரேக்கு தவறினால் சரளைக் கற்களோ, டயர்களை அடுக்கிக் கட்டிய அரணோ, இரும்புத் தடுப்போ அதைத் தாங்க வேண்டும். இவையொன்றும் இல்லாவிடின் ஓட்டுநரின் உடல்தான் தாங்க வேண்டும்.

1986ஆம் ஆண்டில் அதுதான் நேர்ந்தது. கான்ராடு நேர்சாலையின் இடையில் மேடு ஒன்று உண்டு. அதன்மீது மிகு வேகத்தில் செல்லும் கார் தரையில் கால் ஊன்றாததுபோல் இலேசாகிவிடும். அவ்வாண்டுப் பந்தயம் தொடங்கிச் சிறிது நேரத்தில் மைக் பர்க்மன் என்பவரின் கார் அவ்விடத்தில் நிலை தவறிப் பாலத்தின் அடியில் இருந்த அரணில் மோதியது. அவர் உயிர் துறந்தார். அடுத்த ஆண்டே நேர்சாலையின் பிற்பகுதி மாற்றி அமைக்கப்பட்டது. முழு வேகத்தில் வரும் கார்கள் அங்கே வலப்புறம் விலகி, வேகத்தைத் தணித்து, மீண்டும் இடப்புறம் திரும்பிச் சாலையில் சேருமாறு புதிய வளைவுகள் வகுக்கப்பட்டன. வளைவுக்கு வெளியே, தவறி ஓடும் காரை நிறுத்துவதற்குச் சரளைப் படுகையும் விரிந்த வெளியும் அமைந்தன. 6.172 கிலோமீட்டராக இருந்த சாலை 6.213 கிலோமீட்டராயிற்று. கூடிய நீளம் 41 மீட்டர்தான்.

அடிவாரத்தில் இவ்வாறு இடம் விரிக்க முடிந்தது, மலையுச்சியிலோ முடியவில்லை. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். ஆதலின் அங்கே சுவரை விலக்காமல், சுவரையே உறுதியாகவும் வழுவழுப்பாகவும் ஆக்கினர். சாய்வாக வந்து உரசும் காரை அச்சுவர் பிடித்து நிறுத்தாமல் வழுக்கிச் செல்ல விடும். வேகம் சிறிது சிறிதாகத் தணியும். அதன்மேல், உடைந்த உறுப்புகள் மக்கள்மீது பாயாதபடி கம்பி வலை கட்டப்பட்டுள்ளது.

கல்லும் கம்பியும் மட்டும் உயிரைக் காப்பதில்லை. சாலை நெடுகிலும் இடையிடையே காவல் மேடைகள் உள்ளன. அவற்றில் நிற்போர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். வளைவுக்கு அப்பால் நேர்ந்ததை ஓட்டுநர் காண இயலாது. தொண்டரின் கொடியே அவருக்குக் கண். மஞ்சட் கொடி அசைந்தால் முன்னே ஆபத்து உளது, முந்தலாகாது. பச்சைக் கொடி கண்டால் வழி சரியாயிற்று. நீலக் கொடி, பின்னால் வரும் விரைவான காருக்கு வழி விடச் சொல்லும். செங்கொடி எழுந்தால் பந்தயமே நிறுத்தப்படும். கருப்பும் வெள்ளையுமாகக் கட்டமிட்ட கொடி முடிவைக் குறிக்கும். மின்விளக்குகளும் காமிராக்களும் வந்துவிட்ட இக்காலத்திலும் கொடிகளைக் கைவிடவில்லை. பெரிய விபத்து நேர்ந்தால், காப்புக் கார் ஒன்று எல்லாக் கார்களுக்கும் முன்னே சென்று அவற்றை மெதுவாக நடத்திச் செல்லும். அதற்குள் மருத்துவரும் மீட்புக் குழுவினரும் விபத்து நேர்ந்த இடத்தை அடைந்துவிடுவர்.

தொடக்க இடத்தை ஒட்டி வரிசையாகக் கொட்டில்கள் உள்ளன. இவற்றைப் 'பிட்' என வழங்குவர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இவை புதிதாகக் கட்டப்பெற்றன. எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் கார்கள் பந்தயத்தினிடையே பலமுறை இங்கு வரும். சாலையில் காற்றெனப் பறந்த கார், கொட்டிலின் முன்னுள்ள வழியில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது. சென்றால் தண்டனை உண்டு. ஏனெனில், அங்கே மனிதர் வெளியில் நின்று வேலை செய்கின்றனர்.

இங்கு நடக்கும் பந்தயங்களுள் தலையாயது அக்டோபர் திங்களில் நடைபெறும் 1000 கிலோமீட்டர்ப் பந்தயம். அது 1960இல் விக்டோரியா மாநிலத்துப் பிலிப் தீவில் 500 மைல் பந்தயமாகத் தொடங்கியது. கடையில் விற்கும் சாதாரணக் கார்கள் எவ்வளவு உழைக்கும் என்பதைச் சோதிப்பதே அதன் நோக்கம். அவ்வுழைப்பைக் கார்கள் தாங்கின; அத்தீவின் சாலை தாங்கவில்லை! பெயர்ந்து பாழான சாலையை விட்டு 1963இல் பந்தயம் பாதர்ஸ்டுக்கு வந்தது. 1973இல் மெட்ரிக் அளவுக்கு ஏற்ப 1000 கிலோமீட்டராயிற்று. 161 சுற்றுகள்; ஆறு மணி நேரத்திற்கும் மேற்பட்ட ஓட்டம். ஒரு காரை இருவர் மாறி மாறி ஓட்டுவர். உள்ளே வெப்பம் 50 பாகையைக் கடப்பதுண்டு. ஆகவே, குளிர்ந்த நீர் ஓடும் குழாய்கள் தைத்த சட்டையை அணிவர். பல்லாண்டுகள் இப்பந்தயம் ஹோல்டன், போர்டு என்னும் இரு கார்களின் போராகவே கருதப்பட்டது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் நின்று வாதிடுவராம். ஹோல்டன் என்னும் பெயர் 2020இல் கைவிடப்பட்டது. வாதம் மட்டும் ஓயவில்லை. பீட்டர் பிராக் என்னும் வீரர் 1972 முதல் 1987 வரை இப்பந்தயத்தில் ஒன்பது முறை வென்று 'மலையின் மன்னன்' எனப் பெயர் பெற்றார். உச்சியிலுள்ள வானவிளிம்பு வளைவு அவர் பெயரால் வழங்குகிறது.

1967இல் உலக வீரர் பட்டம் பெற்ற நியூசிலாந்தினர் டென்னி ஹியூம், 1992ஆம் ஆண்டுப் பந்தயத்தில் கான்ராடு நேர்சாலையில் ஓட்டிச் செல்லும்போது மாரடைப்பால் இறந்தார். கார் மெல்ல ஓரம் ஒதுங்கித் தடுப்பை உரசி நின்றது. எந்த அரணும் காக்க இயலாத மரணம் அது.

இம்மலைக்கு மற்றொரு பெயரும் உண்டு. ஐரோப்பியர் வருமுன் அந்நிலத்தில் வாழ்ந்த விராஜுரி மக்கள் இதனை 'வாலூ' என அழைத்தனர். அவர்களுக்கு இது புனிதமான மலை. 2015இல் அரசு அப்பெயரையும் ஏற்றது. இன்று இரு பெயர்களும் முறையாக வழங்குகின்றன. பெயரை ஏற்றபின்னும் வழக்கு ஓயவில்லை. சிறு வண்டிகள் ஓடும் கார்ட் பந்தயத் தளம் ஒன்றை மலையுச்சியில் அமைக்க நகராட்சி முனைந்தது. அவ்விடம் பெண்கள் தம் மரபுச் சடங்குகளுக்குரியதாகப் போற்றும் இடம் என்று விராஜுரி மூதாட்டியர் எதிர்த்தனர். இளைஞர் விளையாட்டுக்கும் ஊரின் வருவாய்க்கும் அத்தளம் வேண்டுமெனச் சொன்னவர்களும் பலர். 2021இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சர் மூதாட்டியர் பக்கம் தீர்ப்பளித்தார். கார்கள் ஏறி இறங்கும் சாலையில் பந்தயம் முன்போலவே நடைபெறுகிறது. உச்சியில் கார்ட் தளம் எழவில்லை.