திருவிளக்கு வரிசையும் எண் விருத்திகளும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியவர்கள் எமது முன்னோர். ஆயினும் இன்று மாணவர் பலருக்கு எழுத்து இனிக்கிறது, எண் கசக்கிறது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஏனைய பாடங்களில் நல்ல பெறுபேறு பெற்றும் கணிதத்தில் சித்தியடையாமல் மனம் சோர்ந்து நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு கிராமத்திலும் தோட்டத்திலும் உண்டு. உயர்தரக் கல்விக்கும் பல தொழில்களுக்கும் வாயிலாக இருப்பது இந்தப் பாடமே. அப்பாடத்தில் அஞ்சத் தேவையில்லாத ஒரு பகுதி எண் கோலங்களும் விருத்திகளுமாகும். ஆலயத்துக்கு வந்து போகும் ஒவ்வொருவரும் அறியாமலே அதனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாசற் கோலத்தில் ஓர் எண் கோலம்

அதிகாலையில் வாசல் தெளித்துப் புள்ளி வைக்கும் தாய்மாரைக் கவனியுங்கள். முதல் வரியில் 1 புள்ளி, அடுத்து 3, அதற்கடுத்து 5, பின்னர் 7. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு புள்ளிகள் கூடுகின்றன. இவ்வாறு ஓர் ஒழுங்குக்கு அமைய அடுத்தடுத்து வரும் எண்களே எண் கோலம். அதிலுள்ள ஒவ்வோர் எண்ணும் ஓர் உறுப்பு எனப்படும். உறுப்புகளைக் கூட்டற் குறியிட்டு இணைத்தால் அது தொடர் ஆகிறது.

1, 3, 5, 7 என்பது எண் கோலம்.
1 + 3 + 5 + 7 என்பது தொடர்.

இத்தொடரின் கூட்டுத்தொகை 16. அது நான்கின் வர்க்கம். முதல் மூன்று உறுப்புகளைக் கூட்டினால் 9, அதாவது மூன்றின் வர்க்கம். முதல் இரண்டைக் கூட்டினால் 4. ஒற்றை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் எப்போதும் வர்க்க எண்ணே கிடைக்கும். ஏழு புள்ளிக்குப் பின் 5, 3, 1 என இறங்கிக் கோலத்தை முடித்தால் மேலும் 9 புள்ளிகள் சேரும். மொத்தம் 25. கோலம் போடுபவருக்கு இது கைப்பழக்கம். மாணவருக்கு இதுவே பாடம்.

கூட்டல் விருத்தி

ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டுவதால் கிடைக்கும் வரிசை கூட்டல் விருத்தி. கூட்டப்படும் எண் பொது வித்தியாசம்.

திருவிளக்குப் பூசைக்கு 108 விளக்குகளை வைக்க வேண்டும் என்று கொள்வோம். 108 என்ற எண் அடியார்களுக்குப் புதிதல்ல. மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் இராஜகோபுரமும் 108 அடி உயரமானதே. அம்மன் சந்நிதிக்கு அருகில் இடம் ஒடுங்கியும் வெளியே வர வர அகன்றும் இருப்பதால், முதல் வரிசையில் 8 விளக்குகளும், பின்னர் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று கூடுதலாகவும் வைக்கிறார்கள். மொத்தம் ஒன்பது வரிசைகள். கடைசி வரிசையில் எத்தனை விளக்குகள்?

இங்கேதான் மாணவர் பலர் தவறு விடுகின்றனர். ஒன்பது வரிசை, எனவே 8 உடன் 9 ஐக் கூட்டி 17 என்பர். அது பிழை. முதல் வரிசையில் எதுவும் கூடவில்லை. ஒன்பது வரிசைகளுக்கு இடையில் எட்டு இடைவெளிகளே உண்டு. எனவே எட்டு முறைதான் கூட்ட வேண்டும். 8 + 8 = 16. இதனை விதியாகச் சொன்னால்:

வேண்டிய உறுப்பு = முதலாம் உறுப்பு + (அதன் வரிசை எண்ணில் ஒன்று குறைவு × பொது வித்தியாசம்)

இனி மொத்தத்தைப் பார்ப்போம். முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் சோடி சேர்த்தால் 8 + 16 = 24. இரண்டாவதும் கடைசிக்கு முன்னையதும் 9 + 15 = 24. அடுத்து 10 + 14, பின்னர் 11 + 13. நான்கு சோடிகளுக்கும் 96. நடுவில் தனித்து நிற்பது 12. ஆக மொத்தம் 108.

சோடி சேர்க்கும் இந்த முறையே விதியின் உட்பொருள். முதலுறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டி, பாதியாக்கி, உறுப்புகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 24 இன் பாதி 12, பன்னிரண்டு ஒன்பது 108. சோடியை மனதில் வைத்திருப்பவருக்கு விதி மறந்தாலும் விடை தப்பாது.

இவ்விதி மேல்நாட்டிலிருந்து வந்த புதுமையன்று. 499 ஆம் ஆண்டளவில் ஆரியபடர் இயற்றிய ஆரியபடீயத்தில் கூட்டல் விருத்தியின் கூட்டுத்தொகை காணும் முறை உண்டு. 1150 இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில், முதல் நாள் 4 நாணயமும் பின்னர் நாள்தோறும் 5 நாணயம் கூட்டியும் 15 நாட்கள் தானம் செய்தவரின் கணக்கு வருகிறது. கடைசி நாள் 74, நடு நாள் 39, மொத்தம் 585. மேலே சொன்ன முறையால் மாணவர் இதனைச் சரிபார்க்கலாம்.

பெருக்கல் விருத்தி

ஒரே எண்ணால் திரும்பத் திரும்பப் பெருக்கினால் கிடைப்பது பெருக்கல் விருத்தி. பெருக்கும் எண் பொது விகிதம். 1, 2, 4, 8, 16 என்பதில் பொது விகிதம் 2.

கேரளத்தின் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலில் நிவேதிக்கப்படும் பால் பாயசம் புகழ்பெற்றது. அதற்கு ஒரு தல வரலாறு கூறப்படுகிறது. முனிவர் வேடத்தில் வந்த கண்ணன் அந்நாட்டு அரசனுடன் சதுரங்கம் ஆடினார். தாம் வென்றால் பலகையின் முதற் கட்டத்துக்கு ஓர் அரிசி, இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என இரட்டித்துத் தந்தால் போதும் என்றார். இவ்வளவுதானா என்று அரசன் நகைத்தான். தோற்ற பின்னர் அளக்கத் தொடங்கினான். பத்தாம் கட்டத்தில் 512 அரிசிதான். இருபதாம் கட்டத்தில் 524,288. அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் சேர்த்து வேண்டியது 18,446,744,073,709,551,615 அரிசி. இன்று உலகம் முழுவதும் விளையும் அரிசியைப் பல நூறு ஆண்டுகள் சேர்த்தாலும் இக்கடன் தீராது. ஒரே தடவையில் தர வேண்டாம், அடியார்களுக்குப் பாயசமாகத் தந்து தீர்க்கலாம் என்று கண்ணன் அருளினார் என்பது கதை.

இந்தக் கூட்டுத்தொகையை எப்படிக் கண்டார்கள்? சிறிய தொடரில் பார்ப்போம். 1 + 2 + 4 + 8 என்பதை இரட்டித்தால் 2 + 4 + 8 + 16. இரண்டிலும் 2, 4, 8 பொதுவாக உள்ளன. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் அவை நீங்கி 16 − 1 மட்டும் மிஞ்சும். விடை 15. பொது விகிதம் வேறாயின், கடைசி உறுப்பைப் பொது விகிதத்தால் பெருக்கி, முதலுறுப்பைக் கழித்து, வரும் எண்ணைப் பொது விகிதத்தில் ஒன்று குறைத்த எண்ணால் வகுக்க வேண்டும். 2 + 6 + 18 + 54 என்ற தொடரில் 162 − 2 = 160. அதனை 2 ஆல் வகுத்தால் 80.

கடனும் விருத்தியும்

அரசன் ஏமாந்த இடத்தில் இன்றும் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. ஒருவர் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 10,000 ரூபா கடன் பெறுகிறார், இடையில் எதுவும் கட்டவில்லை என்று கொள்வோம்.

வட்டி முதலுக்கு மட்டுமாயின் கடன் 11,000, 12,000, 13,000 என வளரும். இது கூட்டல் விருத்தி. ஓராண்டில் 22,000 ரூபா.

வட்டிக்கும் வட்டியாயின் 11,000, 12,100, 13,310 என வளரும். இது பெருக்கல் விருத்தி. ஓராண்டில் 31,384 ரூபா.

இரண்டாண்டு கடந்தால் முதல் முறையில் 34,000 ரூபா. இரண்டாம் முறையில் 98,497 ரூபா. முதல் மாதத்தில் இரண்டும் 11,000 தான். அதனால்தான் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. நகையை அடகு வைக்கும்போதும் கடன் பத்திரத்தில் கையொப்பமிடும்போதும், வட்டி எதன் மீது கணிக்கப்படும் என்று கேட்க வேண்டும். பத்தாம், பதினோராம் தரத்தில் படிக்கும் பிள்ளை தாய் தந்தைக்குப் பக்கத்தில் அமர்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால், ஒரு வீடு காப்பாற்றப்படலாம். அதே பெருக்கல் விருத்தி சேமிப்பில் அமைந்தால் அது குடும்பத்துக்குத் துணை நிற்கும்.

முடிவில்லாத் தொடர்

விருத்தி பெருகிக்கொண்டேதான் போக வேண்டும் என்பதில்லை. தமிழரின் பழைய பின்ன அளவுகளைப் பாருங்கள். அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம். ஒவ்வொன்றும் முன்னையதன் பாதி. ஒரு தேங்காயில் அரையும், பின்னர் காலும், பின்னர் அரைக்காலுமாக எடுத்துக்கொண்டே போனால் ஒரு முழுத் தேங்காயை நெருங்கலாமே தவிர அதனைத் தாண்ட முடியாது. கால்வீசம் வரை கூட்டினால் 64 இல் 63 பங்கு.

இவ்வாறு முடிவில்லாது செல்லும் தொடர்களை ஆராய்ந்து உலகுக்கு வழிகாட்டியவர் 14 ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் வாழ்ந்த மாதவர். ஒன்றிலிருந்து மூன்றிலொன்றைக் கழித்து, ஐந்திலொன்றைக் கூட்டி, ஏழிலொன்றைக் கழித்து எனச் செல்லும் தொடர், வட்டத்தின் பரிதியை விட்டத்தால் வகுக்க வரும் பை என்னும் எண்ணின் காற்பங்கைத் தரும் என அவர் கண்டார். ஐரோப்பாவில் கிரெகரியும் லைப்னிட்சும் இதனைக் கண்டது 17 ஆம் நூற்றாண்டிலேயே. பின்னாளில் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன் (1887 - 1920) தொடர்களில் செய்த ஆய்வு உலகை வியக்க வைத்தது. வறுமை அவருக்கும் இருந்தது. அது எண்ணறிவுக்குத் தடையாகவில்லை.

மாணவருக்குப் பயிற்சி

1. 1, 3, 5 எனத் தொடங்கும் கோலத்தில் பத்தாம் வரியில் எத்தனை புள்ளிகள்? பத்து வரிகளிலும் மொத்தம் எத்தனை?

2. பத்து நாள் திருவிழாவில் முதல் நாள் 50 பேருக்கும், பின்னர் நாள்தோறும் 20 பேர் கூடுதலாகவும் அன்னதானம் வழங்கப்படுகிறது. பத்தாம் நாள் எத்தனை பேர்? மொத்தம் எத்தனை பேர்?

3. 5, 15, 45 எனச் செல்லும் விருத்தியின் ஐந்தாம் உறுப்பு யாது? முதல் ஐந்து உறுப்புகளின் கூட்டுத்தொகை யாது?

விடைகள்: (1) 19, 100. (2) 230, 1,400. (3) 405, 605.

விடையைப் பார்க்கும் முன் தாளில் செய்து பாருங்கள். அடுத்த திருவிளக்குப் பூசையில் விளக்கு வரிசைகளை எண்ணும்போது, இந்தப் பாடம் தானாக நினைவுக்கு வரும்.