திரை கிழிவது ஏன்? திறந்த முறையும் பூட்டிய முறையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

 

கணினி விளையாட்டைப் பற்றிக் கல்லூரி ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா என்று நீங்கள் வியக்கலாம். நானும் இதை விளையாட்டாகத் தொடங்கவில்லை. சென்ற ஆண்டு விடுமுறையில் ஒரு மாலை, என் அண்ணன் ஒரு விலைப்பட்டியலை என் முன் நீட்டினார். "பாப்பா, நீதானே பிசிக்ஸ் படிக்கிற? இதை வாங்கலாமா வேண்டாமான்னு பார்த்துச் சொல்லு" என்றார்.

அண்ணன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆறு கணினிகளுடன் ஒரு விளையாட்டு நிலையம் வைக்க முனைந்திருந்தார். அதற்காக அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. ஏஎம்டி நிறுவனத்தின் கிராபிக்ஸ் கார்டுகள் ஆறினைப் பழைய விலைக்கு ஏற்கெனவே வாங்கிவிட்டார். மிச்சம் இருந்தவை திரைகள். வெளியூர் வியாபாரி ஒருவர், "ஜி-சிங்க் என்று எழுதிய திரைதான் வேண்டும். இல்லாவிட்டால் படம் கிழியும், பையன்கள் வரமாட்டார்கள்" என்று சொல்லி, தம்மிடம் இருப்பில் கிடந்த பழைய மாதிரித் திரைகளுக்கு விலை எழுதிக் கொடுத்திருந்தார். சாதாரணத் திரையைவிட ஒன்றுக்கு 9,000 ரூபாய் கூடுதல். ஆறுக்கு 54,000 ரூபாய்!

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இரண்டு ஆண்டுகளாக நான் என்ன படிக்கிறேன் என்று வீட்டில் எவரும் கேட்டதில்லை. என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியாது. முதன்முதலாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். அதற்கு எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்துகொண்டதை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

படம் கிழிவது எவ்வாறு?

கணினித் திரை ஒரு படத்தை ஒரே கணத்தில் காட்டிவிடுவதில்லை. மேலிருந்து கீழாக, வரி வரியாக எழுதிச் செல்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரை எனில் ஒரு வினாடியில் 60 முறை இவ்வாறு எழுதும். அதாவது ஒரு படத்திற்கு ஏறத்தாழ 16.7 மில்லி வினாடி. திரையின் கடிகாரம் மாறாதது.

படத்தை வரைந்து அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டோ அப்படியன்று. வெறும் சுவரைக் காட்ட வேண்டுமெனில் விரைவில் வரைந்துவிடும். புகையும் நெருப்பும் நூறு வீரர்களும் நிறைந்த காட்சியெனில் திணறும். ஒரு படம் 12 மில்லி வினாடியில் முடியும். அடுத்தது 20 ஆகும். திரை பாதிப் படத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டு புதிய படத்தை நீட்டினால் என்ன ஆகும்? மேல்பாதி பழைய படம். கீழ்ப்பாதி புதிய படம். நேராக நிற்க வேண்டிய விளக்குக் கம்பம் நடுவில் ஒடிந்து விலகித் தெரியும். இதைத்தான் 'கிழிதல்' என்கிறோம்.

ஒரு பேருந்து உவமை

அண்ணனுக்கு நான் இதை விளக்கிய விதத்தையே இங்கும் கூறுகிறேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நேரம் தவறாமல் புறப்படும் பேருந்தை எண்ணிக்கொள்ளுங்கள். பேருந்துதான் திரை. அதில் ஏற வரும் ஒரு குடும்பம்தான் ஒரு படம்.

நேரம் ஆனதும் ஓட்டுநர் வண்டியை எடுத்துவிடுகிறார். தகப்பனார் ஏறிவிட்டார், பிள்ளைகள் கீழே நிற்கிறார்கள். இது கிழிதல்.

இதைத் தவிர்க்க வி-சிங்க் என்றொரு பழைய வழி உண்டு. "முழுக் குடும்பமும் வந்தால்தான் ஏற்றுவேன், நேரத்தையும் மாற்றமாட்டேன்" என்பது அதன் சட்டம். கிழிதல் நின்றுவிடும். ஆனால் அரை நிமிடம் தாமதமாக வந்த குடும்பமும் அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு படத்தை வரைய 20 மில்லி வினாடி ஆகிறது. 16.7-இல் ஒரு வண்டி போய்விட்டது. அடுத்த வண்டி 33.3-இல். இப்படி ஒவ்வொரு படமும் ஒரு வண்டியைத் தவறவிட்டால், வினாடிக்கு 50 படம் வரையக்கூடிய கார்டு, மாற்று இருப்பு இல்லாத எளிய அமைப்பில், 30 படத்தைத்தான் காட்டும். கை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையே தாமதம் தோன்றும். விளையாடுபவருக்கு இது எரிச்சல்.

மூன்றாவது வழி என்ன? குடும்பம் ஏறி முடித்ததும் வண்டியை எடுப்பதுதான்! திரை தன் கடிகாரத்தை விட்டுக்கொடுத்து, கார்டின் வேகத்துக்கு ஏற்ப ஒவ்வொரு படத்தையும் எழுதத் தொடங்கும். படம் 20 மில்லி வினாடியில் தயாரானால் 20-இல். 14-இல் தயாரானால் 14-இல். இதற்கு மாறும் புதுப்பிப்பு வீதம் என்று பெயர்.

இதற்கும் எல்லை உண்டு. திரையின் உச்ச வேகத்தைத் தாண்டி எழுத முடியாது. வெகுநேரம் காத்திருக்கவும் முடியாது. ஏனெனில் திரவப் படிகத் திரையின் ஒவ்வொரு புள்ளியும் தன் மின்னூட்டத்தைச் சிறிது நேரமே தாங்கும். பிறகு ஒளி மாறி மினுக்கும். எனவே ஒவ்வொரு திரைக்கும் 48 முதல் 75 ஹெர்ட்ஸ் வரை, 48 முதல் 144 ஹெர்ட்ஸ் வரை என ஒரு வரம்பு உண்டு.

பூட்டிய முறை

இந்த எண்ணத்தை விளையாட்டுத் திரைகளுக்கு முதலில் பொருளாக்கிக் காட்டியது என்விடியா நிறுவனம். 2013 அக்டோபரில் ஜி-சிங்க் அறிவிக்கப்பட்டது. திரைக்குள் வழக்கமாக இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையை எடுத்துவிட்டு, என்விடியாவே செய்த தனிப் பலகையைப் பொருத்த வேண்டும். அதில் விருப்பப்படி அமைத்துக்கொள்ளக்கூடிய விலைமிக்க சில்லும், 768 மெகாபைட் நினைவகமும் இருந்தன. 2014 தொடக்கத்தில் ஆசுஸ் நிறுவனத்தின் ஒரு திரையில் நாமே பொருத்திக்கொள்ளும்படி அப்பலகை 199 டாலருக்குத் தனியாகவும் விற்கப்பட்டது.

இம்முறையின் நன்மையை மறைத்தல் முறையன்று. பலகை ஒருவருடையது, சோதனையும் அவருடையது. ஆகவே தரம் ஒரே சீராக இருந்தது. வேகம் மாறும்போது புள்ளிகள் நிழல் விடாமல் பார்த்துக்கொள்ளும் நுட்பமும் அதில் இருந்தது. குறை என்ன? பலகைக்கு விலை. அதைவிடப் பெரிது, அந்தத் திரையின் ஒத்திசைவு என்விடியா கார்டுக்கு மட்டுமே திறக்கும். வேறு கார்டைச் செருகினால் படம் வரும், ஒத்திசைவு வராது. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வசதி திரைக்குள்ளேயே உறங்கும்.

திறந்த முறை

2014 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த மின்னணுக் கண்காட்சியில், ஏஎம்டி நிறுவனம் சாதாரண மடிக்கணினிகளை வைத்து ஃப்ரீசிங்க் என்ற முறையைக் காட்டியது. மின்சாரச் சிக்கனத்துக்காக மடிக்கணினித் திரைகளில் ஏற்கெனவே இருந்த ஒரு வசதியையே அது பயன்படுத்திக்கொண்டது. அதே ஆண்டு மே மாதத்தில் வெசா என்னும் தரநிர்ணயச் சங்கம், இதே வழியை அடாப்டிவ்-சிங்க் என்ற பெயரில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ தரத்தில் சேர்த்தது. பல நிறுவனங்கள் உறுப்பினராக இருக்கும் அமைப்பு அது. அடாப்டிவ்-சிங்கைச் செயல்படுத்தத் தனி உரிமத் தொகை இல்லை. தனிப் பலகையும் வேண்டாம். 2015 மார்ச்சில் ஃப்ரீசிங்க் திரைகள் கடைக்கு வந்தன.

ஆனால் திறந்தது என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. எங்கள் ஊர்ப் பக்கம் பால்கோவா என்று பலகை எழுதியவர் அனைவரும் ஒரே பதத்தில் கிண்டுவதில்லை அல்லவா? அதுபோல, தொடக்கத்தில் சில ஃப்ரீசிங்க் திரைகளின் வரம்பு மிகக் குறுகலாக இருந்தது. 48 முதல் 75 வரையுள்ள திரையில் விளையாட்டு 40 படத்துக்கு இறங்கினால் ஒத்திசைவு அறுந்துவிடும். உச்சம் குறைந்த எல்லையைப் போல் இரு மடங்குக்குக் குறையாமல் இருந்தால்தான் ஒரு படத்தை இருமுறை காட்டிச் சமாளிக்கலாம். 48 முதல் 144 வரையுள்ள திரை 40 படத்தை 80 ஹெர்ட்ஸில் இரண்டிரண்டாகக் காட்டிவிடும். முன்னதற்கு அது இயலாது. இரண்டின் பெட்டியிலும் ஒரே பெயர்தான் அச்சிடப்பட்டிருந்தது!

பூட்டு திறந்தது

பின்னர் நடந்ததுதான் சுவையானது. 2019 ஜனவரியில் என்விடியா, அடாப்டிவ்-சிங்க் திரைகளையும் தன் கார்டுகளுடன் இயங்க அனுமதித்தது. தான் சோதித்த 400 திரைகளில் 12 மட்டுமே தன் அளவுகோலில் தேறின என்றும் அப்போது அறிவித்தது. தேறாதவற்றிலும் வேண்டுவோர் தாமே இயக்கிப் பார்த்துக்கொள்ளலாம். 2022-இல் வெசாவும் தன் பங்குக்குத் திரைகளைச் சோதித்து முத்திரை வழங்கத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் என்விடியா, ஜி-சிங்க் நுட்பங்களை மீடியாடெக் நிறுவனத்தின் திரைச் சில்லிலேயே சேர்ப்பதாகவும், அதற்குத் தனிப் பலகை வேண்டியதில்லை என்றும் அறிவித்தது. ஆக, பூட்டிய முறை திறந்த முறையிடம் பரவலையும், திறந்த முறை பூட்டிய முறையிடம் கண்டிப்பையும் கற்றுக்கொண்டன எனலாம்.

கதை இதோடு முடியவில்லை. 2024 பிப்ரவரியில், லினக்ஸ் கணினிகளுக்காக எச்டிஎம்ஐ 2.1 வசதிகளைத் திறந்த நிரலாக வெளியிட ஏஎம்டி இசைவு கேட்டபோது, எச்டிஎம்ஐ தரத்தைக் காக்கும் அமைப்பு மறுத்துவிட்டது. ஒரு கதவு திறந்தால் பூட்டு இன்னொரு கதவுக்கு இடம் மாறிவிடுகிறது!

நம் தமிழ் கண்ட பாடம்

இது ஏதோ அயல்நாட்டு விளையாட்டுப் பொருளின் கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் தமிழ் எழுத்தும் இதே வழியில் வந்ததுதான். ஒரு விடுமுறையில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். பழைய நாட்காட்டி ஒன்றின் கோப்பைத் திறந்தபோது, முருகன் படத்தின் கீழே தமிழுக்குப் பதில் ஆங்கிலக் குறிகளும் கட்டங்களும் நின்றன. அதைச் செய்த எழுத்துரு இப்போது எவரிடமும் இல்லை. முதலாளி என்னை உட்கார வைத்து முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்யச் சொன்னார்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்தது. ஓரிடத்தில் எழுதியது மற்றோரிடத்தில் திறக்காது. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக ஏற்றது. 2010-இல் யூனிகோடு அரசின் தரங்களுள் ஒன்றாயிற்று. இன்று என் கைப்பேசியில் எழுதும் ஒரு வரி எந்த ஊர்க் கைப்பேசியிலும் தமிழாகவே திறக்கிறது. பொதுத் தரத்தின் பயன் இதுவே. பூட்டிய முறையில் நாம் பொருளுக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை. பின்னாளில் வெளியேறுவதற்கும் விலை கொடுக்கிறோம்.

அண்ணன் கேட்டதற்கு விடை

பட்டியலில் இருந்த பழைய மாதிரித் திரைகள் அண்ணனிடம் இருந்த ஏஎம்டி கார்டுகளோடு ஒத்திசையா. 54,000 ரூபாயும் வீண். இதைக் கண்டறிய எனக்கு நான்கு நாட்கள் ஆயின. எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர், "பெட்டியில் உள்ள பெயரைப் பார்க்காதே அம்மா, வரம்பைப் பார்" என்று சொன்னது பெரிதும் உதவியது. 48 முதல் 144 வரை வரம்புள்ள அடாப்டிவ்-சிங்க் திரைகளையே வாங்கலாம் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றிரவு உறக்கம் வரவில்லை. நான் சொன்னது தவறானால் போவது அம்மாவின் சங்கிலி.

திரைகள் வந்தன. ஐந்து நன்றாக இயங்கின. ஆறாவது, விளையாட்டின் வேகம் இறங்கும்போதெல்லாம் மினுக்கியது. விற்ற கடையில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். அந்தத் திரையை மட்டும் ஒத்திசைவை நிறுத்திவிட்டு மாறாத வேகத்தில் ஓட்டுகிறோம். அண்ணனிடம் தலை குனிந்து நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஆறுல அஞ்சு சரியாத்தானே சொல்லியிருக்க. மில்லுல எங்க மேஸ்திரிகூட இவ்வளவு சரியாச் சொன்னதில்லை" என்றார். மிச்சமான பணத்தில் யு.பி.எஸ். வாங்கினார், கடனிலும் கொஞ்சம் கட்டினார். சங்கிலி இன்னும் முழுதாக மீளவில்லை. தவணை நடக்கிறது.

முடிவுரை

நண்பர்களே! திரை வாங்கப் போகும் எவரும் மூன்று கேள்விகள் கேளுங்கள். என்னிடமுள்ள கார்டுக்கு இந்தத் திரையின் ஒத்திசைவு திறக்குமா? அதன் வரம்பு எது முதல் எது வரை? எந்த வடத்தின் வழியே அது இயங்கும்? இம்மூன்றுக்கும் விடை சொல்லாத வியாபாரியிடம் விலை பேச வேண்டாம்.

திறந்த முறை, பூட்டிய முறை என்ற இரண்டில் எதுவும் நமக்காகச் சிந்திக்காது. பூட்டிய முறை "கேளாதே, நம்பு" என்கிறது. திறந்த முறை "நம்பாதே, சோதித்துப் பார்" என்கிறது. கேட்கவும் சோதிக்கவும் படித்த ஒருவர் வீட்டில் இருந்தால், திறந்த முறையே நம் போன்றோர்க்கு ஏற்றது என்பது என் கருத்து. இப்போது எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். போன வாரம் அம்மா மின்சாரக் கட்டண அட்டையை எடுத்து வந்து, "இதுல யூனிட்னு போட்டிருக்கே, அது என்னம்மா?" என்று கேட்டார்.