'ரைட் ஆஃப்' ஆனா கடன் தீர்ந்துடுச்சா?

"பேங்க் இத்தனை கோடியை ரைட் ஆஃப் பண்ணிடுச்சு"ன்னு செய்தி வந்தா போதும், "பணக்காரனுக்கு மட்டும் தள்ளுபடியா?"ன்னு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பே கொதிக்கும். கோபம் நியாயமா இல்லையாங்கிறது வேற விஷயம். ஆனா ரைட் ஆஃப்-க்கு அர்த்தம் தள்ளுபடி இல்ல.

'இந்தப் பணம் வர்ற மாதிரி தெரியல'ன்னு முடிவு பண்ணி, கணக்குப் புத்தகத்தோட சொத்துப் பக்கத்துல இருந்து எடுத்துடறதுதான் ரைட் ஆஃப். எடுக்கிறது பேங்க்கோட புத்தகத்துல இருந்து மட்டும்தான். கடன் வாங்கினவர் தலைமேல அது அப்படியேதான் இருக்கும். வசூல் பண்ற உரிமையும் பேங்க்குக்கு இருக்கும்.

தள்ளுபடிக்கு இங்கிலீஷ்ல வெய்வர். 2021-ல தமிழ்நாடு அரசு, கூட்டுறவு வங்கிகள்ல 5 பவுன் வரைக்குமான நகைக்கடனைத் தகுதியானவங்களுக்குத் தள்ளுபடி பண்ணுச்சே, அது வெய்வர். அதுல கட்ட வேண்டிய கடனே இல்லாம போயிடும். (நம்ம ஊர்ல 'வெய்வ் ஆஃப்'னு சொல்றாங்க. வெறும் 'வெய்வ்' போதும், 'ஆஃப்' நாமளா ஒட்டிக்கிட்டது!)

கார் இன்சூரன்ஸ்லயும் இதே வார்த்தை வரும். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில 75 சதவீதத்தைத் தாண்டினா, வண்டியை முழு நஷ்டம்னு கணக்கு வைப்பாங்க. பேச்சுல அதைத்தான் "கார் ரைட் ஆஃப் ஆயிடுச்சு"ம்பாங்க.

இப்போ உங்க கதைக்கு வருவோம். முதல் வேலையில வாங்கின கிரெடிட் கார்டு, அதுல 12,000 ரூபாய் பாக்கி, நம்பரையும் மாத்திட்டீங்கன்னு வைங்க. 90 நாள் தாண்டினா அது வாராக்கடன். அதுக்கப்புறமும் கட்டலைன்னா ஒருநாள் பேங்க் ரைட் ஆஃப் பண்ணிடும். கால் வர்றது நின்னதும் 'விட்டுட்டாங்க'ன்னு நினைப்பீங்க. வீட்டுக்கடன் கேட்டுப் போறப்போ சிபில் ரிப்போர்ட்ல 'ரிட்டன் ஆஃப்'னு நிக்கும். 12,000 ரூபாயால 40 லட்சம் கடன் நின்னு போகலாம்.

அப்போ ஏஜென்ட் "பாதி கட்டுங்க, முடிச்சிடலாம்"பார். அவசரப்படாதீங்க. அப்படி முடிச்சா ரிப்போர்ட்ல 'செட்டில்டு'ன்னு வரும், முழுசா கட்டலைன்னு அர்த்தம். முடிஞ்சா முழுத்தொகையையும் பேங்க்லயே கட்டி, நோ டியூஸ் சர்டிபிகேட் வாங்குங்க. அப்புறமும் ரிப்போர்ட் மாறலைன்னா புகார் கொடுங்க. 30 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா, தாமதமாகுற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தரணும்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு.