சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதா? சேரும் முன் ஒரு நாள் போய்ப் பார்த்து வாருங்கள்



சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் நடந்தது இது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு பெண்ணுக்குச் சமவெளியில் ஒரு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்புக்கு இடம் கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். சேர்ப்பதற்கு முன் இடத்தைப் பார்த்து வரலாம் என்று அவளுடைய அண்ணனும் தாய்மாமாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனார்கள். கல்லூரி கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எதிரே டீக்கடையில் பத்துப் பையன்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு நின்றார்கள். "இடம் சரியில்லை, நம்ம புள்ளைக்கு ஒத்து வராது" என்று இரவு வீட்டில் சொன்னார்கள். அத்தோடு முடிந்தது. அந்தப் பெண் பக்கத்துக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். தனக்கு இடம் கிடைத்த கல்லூரியை அவள் கடைசி வரை கண்ணால் பார்க்கவே இல்லை.

அண்ணனையும் மாமாவையும் நான் குறை சொல்ல மாட்டேன், அக்கறையில்தான் போனார்கள். ஆனால் தப்பான நாளில் போனார்கள், படிக்கப் போகிறவளை விட்டுவிட்டுப் போனார்கள், யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் போனார்கள். இந்த ஆண்டு சட்டப் படிப்புக்கு மனுப் போட்டிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் சட்டக் கல்லூரிகள் இடம் கிடைத்த மாணவர்களுக்கென்றே ஒரு நாள் வைத்து அழைக்கின்றன. வகுப்பில் உட்காரலாம், பேராசிரியர்களோடு பேசலாம், விடுதியைப் பார்க்கலாம். பல கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்கள் அப்படிப் பார்த்துவிட்டே ஒன்றை முடிவு செய்கிறார்கள். நம் அரசு சட்டக் கல்லூரிகளில் அப்படி யாரும் அழைக்கப்போவதில்லை. இங்கே கலந்தாய்வில் கல்லூரி ஒதுக்கீடு ஆனதும் சேர்வதற்குக் கிடைப்பது சில நாட்கள்தான். அந்த அவசரத்தில் பணம் புரட்டுவதா, சான்றிதழ் தேடுவதா, ஊரைப் பார்ப்பதா? அதனால் கலந்தாய்வில் எந்தக் கல்லூரியைக் கேட்பது என்று யோசிக்கும்போதே, அதாவது மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் வாரங்களிலேயே, முதலில் கேட்கப்போகும் ஒன்றிரண்டு கல்லூரிகளைப் பார்த்துவிடுவது நல்லது. அது முடியாதவர்கள் ஒதுக்கீட்டு ஆணை கையில் கிடைத்த மறுநாளே கிளம்ப வேண்டும்.

நம் ஊருக்குப் பக்கத்தில் இருப்பது கோயம்புத்தூர் அரசு சட்டக் கல்லூரி. மருதமலை ரோட்டில் இருக்கிறது. இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகள் எல்லாம் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணே கணக்கு. எனவே இங்கே சொல்வதில் பெரும்பகுதி மதுரைக்கும் திருச்சிக்கும் சேலத்துக்கும் பொருந்தும்.

வேலை நாளில், கல்லூரி திறந்திருக்கும் நேரத்தில் போங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம். ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் தேடிப் போய் வருவதற்குள் அலுவலகத்தில் மதிய இடைவேளை முடிந்து பாதி நாள் போய்விடும். மகளோடு உம்மாவும் போகட்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். விடுதியின் கழிப்பறையையும் தண்ணீரையும் கதவுத் தாழ்ப்பாளையும் ஒரு பெண்தான் சரியாகப் பார்ப்பாள். வாப்பா கூட வந்தால் இன்னும் நல்லது. ஆனால் அலுவலகத்தில் பேச வேண்டியது மாணவிதான். ஐந்து ஆண்டுகள் அங்கே அவள்தான் தனியாகப் பேசப்போகிறாள்.

காரில் போகாதீர்கள். சொந்தக் கார் இருந்தாலும் அன்று பஸ்ஸில்தான் போக வேண்டும். அரவேணுவில் கோத்தகிரி பஸ்ஸைப் பிடித்து, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவை பஸ்ஸோ ரயிலோ ஏறி, பிறகு மருதமலை பஸ் பிடித்துக் கல்லூரி வாசலில் இறங்குவதற்குள் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். திரும்பி வர இன்னொரு மூன்று மணி. "கோயம்புத்தூர்தானே, தினம் போய் வந்துடலாம்" என்று சிலர் சொல்வது எவ்வளவு சாத்தியம் என்பது அன்று சாயங்காலம் கால் வலிக்கும்போது தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிந்து நம் ரோடு அடைபட்டால் அந்தப் பயணமும் இல்லை.

இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். தக்க காரணம் இருந்தால் 65 வரை சலுகை தரலாம், அவ்வளவுதான். கலைக் கல்லூரியில் சமாளித்ததுபோல் இங்கே சமாளிக்க முடியாது. அதனால் தங்குமிடம் உறுதியாகாமல் இடத்தை உறுதி செய்யாதீர்கள். மலையிலிருந்து போகும் பிள்ளைகளின் படிப்பு நடுவில் நிற்கிறதென்றால் பாடம் கடினம் என்பதைவிடத் தங்குமிடச் சிக்கல்தான் காரணமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தங்குவதற்கு மூன்று வழிகள் யோசிக்கலாம். கல்லூரி விடுதி இருக்கிறதா, இருந்தால் முதலாண்டு மாணவிக்கு இடம் உண்டா என்று அலுவலகத்திலேயே கேளுங்கள். அடுத்தது, பிற்படுத்தப்பட்டோர், மிகப்பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறை நடத்தும் அரசுக் கல்லூரி விடுதிகள். உணவும் தங்குமிடமும் இலவசம், குடும்ப வருமான வரம்பு உண்டு. கோவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அந்தத் துறையின் அலுவலகத்தில் விசாரிக்கலாம். கல்லூரி பார்க்கப் போகும் அதே நாளில் அங்கேயும் போய்விட்டு வருவது புத்திசாலித்தனம், இதற்காக மறுபடி மலையிறங்க வேண்டாம். மூன்றாவது, நம் வீடுகளில் முதலில் வாயில் வருவது: "கோட்டைமேட்டுல மாமி வீடு இருக்கே." மாமி அன்பாக வைத்துக்கொள்வார், சந்தேகமில்லை. ஆனால் கோட்டைமேடோ கரும்புக்கடையோ ஊரின் ஒரு மூலை, மருதமலை ரோடு இன்னொரு மூலை. முதல் நாள் ராத்திரி மாமி வீட்டில் தங்கி, காலை நெரிசலில் அங்கிருந்து கல்லூரிக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை பஸ் மாற வேண்டும், எத்தனை நிமிடம் ஆகிறது என்று மகளே குறித்துக்கொள்ளட்டும். மாமி வீட்டில் படிக்க ஒரு மேசையும் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும் உண்டா என்பதையும் கூச்சப்படாமல் பார்க்க வேண்டும். விருந்தாளியாக ஒரு வாரம் இருப்பது வேறு, ஐந்து வருஷம் படிப்பது வேறு.

கல்லூரிக்குள் போனதும் முதலில் அலுவலகம். அசல் சான்றிதழ்கள் எவை, எத்தனை நகல், கட்டணம் எவ்வளவு, எந்த முறையில் கட்டுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழில் கவனம் தேவை. தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. லப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளா, தக்னி முஸ்லிம், ஷேக், சையத், அன்சார், தூதேகுலா என்று பட்டியலில் ஏழு பிரிவுகள். சான்றிதழில் பிரிவின் பெயர் பட்டியலில் உள்ளபடி இல்லாமல் வெறும் "முஸ்லிம்" என்று மட்டும் இருந்தால் சேர்க்கையில் சிக்கல் வரும். இதைக் கல்லூரிக்குப் போய்த் தெரிந்துகொள்வதைவிட, இன்றே பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, வேண்டுமானால் கோத்தகிரி தாலுகா அலுவலகத்தில் திருத்திக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் 12 வரை படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2021 முதல் உண்டு, சட்டப் படிப்பும் அதில் சேரும். அப்படிச் சேர்ந்தவருக்கு என்ன கட்டணம் என்று தனியாகக் கேளுங்கள். அதே அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. வீட்டில் யாரும் பட்டம் படிக்கவில்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். கேட்காத குடும்பத்துக்குச் சலுகை தானாக வருவதில்லை.

அலுவலகம் முடிந்ததும் உடனே திரும்பிவிடாதீர்கள். அனுமதி கேட்டு நூலகத்தைப் பாருங்கள். புத்தகம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, மாணவர்கள் உட்கார்ந்து படிக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு மாணவிகள் இரண்டு மூன்று பேரிடம் மகள் தனியாகப் பேசட்டும். பெரியவர்கள் பத்தடி தள்ளி நில்லுங்கள், வாப்பா பக்கத்தில் நின்றால் அந்தப் பிள்ளைகள் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு அங்கிள்" என்பதற்கு மேல் சொல்ல மாட்டார்கள். வகுப்புகள் ஒழுங்காக நடக்கின்றனவா? தமிழ்வழியில் படித்து வந்தவர் எப்படிச் சமாளிக்கிறார், தேர்வைத் தமிழில் எழுத முடியுமா? மாதிரி நீதிமன்றப் போட்டிகளுக்கு முதலாண்டு மாணவரை அழைத்துப் போகிறார்களா? சீனியர்கள் தொல்லை உண்டா? சாயங்காலம் அந்த ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பது எப்படி இருக்கும்? ஹிஜாப் போட்டுப் படிக்கும் மாணவிகள் கண்ணில் பட்டால் அவர்களிடமே கேட்பது எல்லாவற்றிலும் நேரான வழி. ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. தேசிய ராகிங் எதிர்ப்பு உதவி எண் 1800-180-5522, கட்டணமில்லாதது. மகளின் போனில் அதைப் பதிந்துவிடுங்கள். மாணவிகளின் புகாரை விசாரிக்கும் குழுவில் யார் யார் என்ற பலகை கல்லூரியில் மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

சீனியர்கள் பழைய புத்தகம் விலைக்குத் தருவதாகச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதிலாக 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய புத்தகத்தை மலிவாக வாங்கி, பிறகு புதியதையும் வாங்குவதில் என்ன லாபம்? அரசியலமைப்பு, ஒப்பந்தச் சட்டம் போன்ற பாடங்களுக்குப் பழைய புத்தகம் ஓரளவு உதவும்.

சென்னை போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் பெரியவர்கள் பலருக்கு "மெட்ராஸ் லா காலேஜ்" என்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிவப்புக் கட்டடம்தான். 1891இல் தொடங்கிய அந்தக் கல்லூரி 2018இல் அங்கிருந்து மாறிவிட்டது. இப்போது கேளம்பாக்கம் பக்கம் புதுப்பாக்கத்திலும், திருவள்ளூர் மாவட்டம் பட்டரைப்பெரும்புதூரிலும் இரண்டு கல்லூரிகளாக இருக்கிறது. ஒன்று நகருக்குத் தெற்கே, மற்றது மேற்கே. சட்டப் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளியோ பெருங்குடி வளாகத்தில். ஒதுக்கீட்டு ஆணையில் எந்த ஊர் என்று இரண்டு முறை படித்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். காலையில் சென்ட்ரலில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "லா காலேஜ்" என்றால் அவர் பாரிமுனைக்கே கொண்டுபோய் விடக்கூடும்.

தனியார் கல்லூரியானால் கட்டடத்தின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன், இந்த ஆண்டுச் சேர்க்கைக்கு இந்திய பார் கவுன்சிலின் அனுமதி இருக்கிறதா என்று கடிதத்தையே காட்டச் சொல்லுங்கள். அது இல்லாத பட்டத்தோடு வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. இடத்தை விட்டுவிட்டால் கட்டிய பணம் எவ்வளவு திரும்பி வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இவ்வளவு தூரம் ஒரு பெண்பிள்ளையை அனுப்புவதா என்று தயங்குவோருக்கு ஒரு தகவல். பத்தனம்திட்டாவில் பிறந்த எம். பாத்திமா பீவி, தந்தை மீரா சாஹிபின் விருப்பப்படி திருவனந்தபுரம் அரசு சட்டக் கல்லூரியில் படித்தார். அந்த ஊர்களுக்கு இடையில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர், நமக்குக் கோவையைவிடத் தூரம். 1950இல் வக்கீலாகப் பதிவு செய்தவர் 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். 1997 முதல் 2001 வரை நம் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார்.

பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே, தூங்குவதற்கு முன், மகள் தான் கண்டதை ஒரு தாளில் எழுதட்டும். மறுநாள் காலை வீட்டில் அதை அவளே படித்துக் காட்ட, எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். பெரியவர்கள் தாங்கள் பார்த்ததை அதற்குப் பிறகு சொல்லலாம். கல்லூரியில் சேர்க்க வேண்டாம் என்றுதான் முடிவானாலும் சரி, அவள் பார்த்த கல்லூரியைப் பற்றி அவளும் பேசி எடுத்த முடிவாக அது இருக்கும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். காலை முதல் பஸ்ஸுக்கு நாம் கிளம்பும் நேரத்தில் எந்த ஜெராக்ஸ் கடையும் திறந்திருக்காது. நகல்களை முதல் நாளே எடுத்து வைத்துவிடுங்கள், அசல்களை மழைக்கோட்டுக்குள் அல்ல, பிளாஸ்டிக் ஃபைலுக்குள் வையுங்கள்.