தேடற் குறிப்பைக் காத்தல்

ஆராய்ச்சி என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது ஆய்வுக்கூடம். கண்ணாடிக் குடுவையும் நுண்ணோக்கியும் கண்முன் வந்து நிற்கும். ஆனால் உயிரியல், நிலவியல், தொல்லியல் போன்ற துறைகளில் ஆராய்ச்சி பிறக்கும் இடம் களமே ஆகும். காட்டிலும் மலையிலும் வயல் வரப்பிலும் நடந்து தேடுகிறோம். எங்கே தேடினோம், எப்போது தேடினோம், எவ்வளவு நேரம் தேடினோம், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பவற்றை எழுதி வைப்பதே தேடற் குறிப்பு. கிடைத்த பொருளைவிட இந்தக் குறிப்பே பெரிது என்றால் சிலர் வியப்படையக்கூடும். பொருளை மற்றொரு முறை தேடி எடுக்கலாம். 'அன்று அங்கே இருந்தது' என்னும் செய்தியை மற்றொரு முறை எடுக்க முடியுமா?

இக்காலத்தில் இக்குறிப்பைக் கைப்பேசிச் செயலியில் எழுதுகிறோம். செயலி தானாகவே அதற்குப் படி எடுத்துத் தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்புகிறது. உடன் உழைப்பவருக்கும் பகிர்கிறது. இந்த ஏற்பாடு ஏன் வேண்டும், எவ்வாறு நடைபெறுகிறது, எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பவற்றைக் காண்போம்.

ஒரு சிற்றாந்தையின் வரலாறு

நாம் வாழும் மராட்டிய மாநிலத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. காட்டுச் சிற்றாந்தை என்னும் பறவையை 1873 இல் உலகுக்கு அறிவித்தவர் ஏ. ஓ. ஹியூம். காங்கிரசு மகாசபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராக நாம் அறிந்துள்ள அதே ஹியூம்தான். பிறகு கிடைத்தவை மிகச் சில; 1884 க்குப்பின் உண்மையான மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை. எனினும் ரிச்சர்டு மைனர்ட்சாகன் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர், 1914 இல் குசராத்தின் மாண்டவி அருகே தாம் ஒன்றைச் சுட்டெடுத்ததாகச் சீட்டு எழுதி வைத்திருந்தார். அறிஞர்கள் அதனை நம்பினார்கள். அவர் குறித்த இடத்தை உண்மையான வாழிடங்களுள் ஒன்றாகக் கொண்டார்கள்.

பமேலா இராசுமுசன் என்னும் அமெரிக்க அறிஞர் அந்தச் சீட்டை ஐயுற்றார். மைனர்ட்சாகன் வைத்திருந்த பறவை, சேம்சு டேவிட்சன் என்பவர் 1880 களில் கந்தேசுப் பகுதியில் எடுத்தது. அருங்காட்சியகத்திலிருந்து கவர்ந்து, பிரித்துத் தைத்து, புதுச் சீட்டுக் கட்டியது. தையலையும் உள்ளே அடைத்த பஞ்சையும் ஆராய்ந்து கண்ட இவ்வுண்மையை அவரும் நைகல் காலரும் 1999 இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 1997 நவம்பரில், இராசுமுசனும் அவருடைய தோழர் இருவரும் பொய்ச் சீட்டை ஒதுக்கிவிட்டு மெய்யான பழைய குறிப்புகளின் வழியே நடந்தார்கள். சாத்புரா மலையடிவாரத்தில், சகாதா என்னும் ஊருக்கு அருகே, அந்த ஆந்தை பகல் வெளிச்சத்தில் மரக்கிளையில் உட்கார்ந்திருந்தது. 113 ஆண்டுகள் கழித்து அது மீண்டும் அறிவுலகின் கண்ணில் பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பொய்க் குறிப்பு ஒன்று பின்வந்த அறிஞர்களை மயக்கியது. அழியாமல் இருந்த மெய்க் குறிப்பு வழி காட்டியது. தேடற் குறிப்புக்குப் பகை இரண்டு: ஒன்று இழப்பு, மற்றொன்று பொய். படி எடுத்தல் முதற் பகையை வெல்லும். பகிர்தல் இரண்டாம் பகையைத் தடுக்கும்.

படி எடுக்கும் முறை

ஒரே இடத்தில் உள்ளது எதுவும் பாதுகாப்பாக உள்ளது ஆகாது. 2016 ஏப்ரலில் தில்லியில் இருந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒரே இரவில் எரிந்துபோயிற்று. அரசின் அருங்காட்சியகத்துக்கே அந்த நிலை என்றால், நம் சட்டைப் பையில் உள்ள கைப்பேசி எம்மாத்திரம்? சென்ற மழைக்காலத்தில் தாம்கினி மலைப்பாதைப் பக்கம் சென்ற எங்கள் குழுவில் ஒரு தோழியின் கைப்பேசியை ஓடை கொண்டுபோயிற்று. கருவி போயிற்று; பதினொரு நாள் குறிப்புகள் போகவில்லை. ஒவ்வொரு மாலையும் விடுதி திரும்பியவுடன் அவை தாமாகவே கணினிக்குச் சென்றிருந்தன. இழந்தது அன்றைய ஒரு நாள் உழைப்பு மட்டுமே.

இது எவ்வாறு நடைபெறுகிறது? களப்பணியில் பெரிதும் வழங்கும் ஓ.டி.கே. என்னும் செயலியை எடுத்துக்கொள்வோம். வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008 இல் தொடங்கப்பட்டது இது. கோபோ என்னும் செயலியும் இதன் வழியில் வந்ததே. காட்டில் தொடர்பு இல்லாவிட்டாலும் படிவத்தை நிரப்பலாம். அது கைப்பேசியிலேயே தங்கும். 'முடிந்தது' என்று நாம் குறித்தவுடன் அது வரிசையில் நிற்கும். தொடர்பு கிடைத்தவுடன் சர்வர் என்னும் நடுவண் கணினிக்குச் செல்லும். வைஃபையில் மட்டும் அனுப்புவதா, கைப்பேசி இணையத்திலும் அனுப்புவதா என்பதை நாமே அமைக்கலாம். ஒவ்வொரு படிவத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. பாதி வழியில் தொடர்பு அறுந்து இருமுறை அனுப்பினாலும், அந்த எண்ணைக் கொண்டு சர்வர் அதனை ஒன்றாகவே கொள்ளும்.

இங்கே கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. முடிக்காமல் அரைகுறையாக விட்ட படிவம் தானாகச் செல்லாது. 'எல்லாம் தானே நடக்கும்' என்று நம்பிப் பாதியில் விட்டவரின் குறிப்பு கைப்பேசியோடு கைப்பேசியாகவே கிடக்கும்.

மற்றொரு மயக்கமும் உண்டு. இரண்டு இடங்களை ஒத்திசைத்து வைப்பதைப் படி எடுத்தல் என்று பலர் எண்ணுகின்றனர். ஒத்திசைவு என்பது நிழல் போன்றது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். படி என்பது தனித்து நிற்பது. பீட்டர் குரோக் என்னும் நிழற்படக் கலைஞர் வகுத்த 3-2-1 என்னும் விதியை நினைவிற் கொள்வது நன்று: படிகள் மூன்று, அவை இருவகைச் சேமிப்பில், அவற்றுள் ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ.

வாட்சப்பில் படத்தை நண்பனுக்கு அனுப்புவதும் காப்பு ஆகாது. படமாக அனுப்பும்போது அதன் தரம் குறைகிறது. எடுத்த இடம் பற்றிய செய்தியும் நீங்கிவிடுகிறது. நாம் காக்க நினைத்தது எதுவோ அதுவே போய்விடுகிறது.

பகிர்வதன் பயன்

குறிப்பு உடனுக்குடன் சர்வரை அடைந்தால், அது வந்துசேர்ந்த நேரமும் அங்கே பதிவாகிறது. கைப்பேசியின் கடிகாரத்தை ஒருவர் மாற்றலாம். சர்வரின் கடிகாரத்தை அவர் மாற்ற முடியாது. உடன் நடந்தவர் கையிலும் அதே குறிப்பு இருக்குமானால் பொய்க்கு இடம் இன்னும் சுருங்கும். இதனால் பொய்யே பிறக்காது என்று சொல்லவில்லை. ஆனால் முப்பது ஆண்டுக்கு முன் பிடித்த பறவைக்கு இன்று புதுச் சீட்டுக் கட்டுவது எளிதன்று.

பறவை நோக்குவோர் வழங்கும் ஈபேர்டு 2002 இல் தொடங்கியது. கார்னெல் பறவையியல் ஆய்வகம் அதனை நடத்துகிறது. நால்வர் ஒன்றாகச் சென்றால் ஒருவர் பட்டியல் எழுதி மற்ற மூவருக்கும் பகிரலாம். ஒரே கொக்கை நான்கு கொக்காக எண்ணும் பிழை அதனால் நீங்குகிறது. பட்டியலின் முடிவில் அது ஒரு வினாக் கேட்கும்: அடையாளம் கண்ட பறவைகள் அனைத்தையும் எழுதினீர்களா? 'ஆம்' என்று விடை தந்தால், எழுதாத பறவை அந்த நேரத்தில் நம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டவில்லை என்பதும் செய்தியாகிறது. 'தேடினோம், இல்லை' என்பது வெறுமை அன்று. அதுவும் அறிவே. சிட்டுக்குருவி குறைகிறதா பெருகுகிறதா என்பதை இத்தகைய இன்மைக் குறிப்புகள் இல்லாமல் எவரால் சொல்ல முடியும்?

தமிழ்நாட்டின் அண்டை மாநிலமாகிய கேரளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2015 முதல் 2020 வரை, ஊதியம் பெறாத ஆர்வலர்கள் மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பகுத்து நடந்து தேடினார்கள். ஏறத்தாழ 3 இலட்சம் பதிவுகள் சேர்ந்தன. 361 பறவை இனங்களின் பரவல் வரையப்பட்டது. தனித்தனி ஏடுகளில் கிடந்திருந்தால் இவ்வளவும் ஒன்றாகியிருக்குமா?

பகிரத் தகாதவை

எல்லாவற்றையும் எல்லார்க்கும் காட்டுதல் அறிவுடைமை ஆகாது. அரிய மலர்ச்செடி நிற்கும் இடம் துல்லியமாக வெளிப்பட்டால், அறிஞனுக்கு முன் கிழங்கு தோண்டுபவன் அங்கே போய்ச் சேர்வான். ஆகவே ஐநேச்சுரலிச்டு என்னும் தளம், அழிவுக்கு ஆளாகும் உயிர்களின் இடத்தைப் பொதுமக்களுக்கு மறைத்து, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் அளவுள்ள கட்டத்தை மட்டும் காட்டுகிறது. வழிகாட்டிய கிராமத்தாரின் பெயர், எண், வீடு ஆகியவையும் பொதுவில் வைக்கத் தக்கவை அல்ல. முழுக் குறிப்பைத் துறையிலும், மறைத்த குறிப்பைப் பொதுவிலும் வைத்தலே முறை.

நாம் செய்ய வேண்டியவை

1. புறப்படுமுன் தானே அனுப்பும் அமைப்பு செயற்படுகிறதா என்று ஒரு பொய்ப்படிவம் நிரப்பிச் சோதிக்க வேண்டும். சோதித்தபின் அதனை நீக்கிவிட வேண்டும்.

2. ஒவ்வொரு மாலையும் எழுதிய எண்ணிக்கையும் சர்வரில் சேர்ந்த எண்ணிக்கையும் ஒத்துள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

3. ஒன்றும் கிடைக்காத நாளையும் தவறாது பதிய வேண்டும்.

4. மாதம் ஒருமுறை, படியிலிருந்து குறிப்பைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். திறந்து பாராத படி, எண்ணிப் பாராத பணம்.

5. கணக்கைத் தனி ஒருவர் பெயரில் மட்டும் வைத்தல் கூடாது. ஆசிரியர் ஒருவரும் இளைய மாணவர் ஒருவரும் அதனைத் திறக்க வல்லவராக இருத்தல் வேண்டும்.

ஐந்தாவது விதி, பூனாவில் பயிலும் தமிழ் மாணவராகிய நமக்கு மிகவும் உரியது. நாம் இரண்டு ஆண்டுகள் தங்குகிறோம். பட்டம் பெற்றுச் சென்னைக்கோ கோவைக்கோ கடல் கடந்தோ போய்விடுகிறோம். கைப்பேசி எண் மாறுகிறது; பல்கலைக்கழக மின்னஞ்சலும் முடிந்துவிடுகிறது. சகியாத்திரி மலையில் நாம் நடந்து சேர்த்த குறிப்புகள் நம்மோடு போய்விட்டால், அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மொழி தெரியாத நமக்குச் சோறு போட்டு, ஒற்றையடிப் பாதை காட்டி, செடிக்கு மராத்தியில் பெயரும் சொன்ன மக்களின் அறிவும் அந்தக் குறிப்புகளில் கலந்திருக்கிறது. அது இந்த மண்ணில் தங்குவதே நீதி. ஆகவே ஊருக்குப் பயணச்சீட்டு எடுக்குமுன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். குறிப்புகளை ஒழுங்குபடுத்தித் துறையின் கணக்கில் சேர்த்து, திறவுச்சொல்லை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுங்கள்.