பல செயலிகளும் தக்க தெரிவும்

உதகமண்டலத்திற்கு வடமேற்கே, தேயிலைத் தோட்டங்களின் நடுவே கிளென்மார்கன் என்னும் எழில்மிகு சிற்றூர் அமைந்துள்ளது. பைக்காரா ஆற்றின் நீர் இங்குள்ள தேக்கத்தை அடைந்து, செங்குத்தான மலைச்சரிவில் பெருங்குழாய்களின் வழியே சிங்காரா மின்நிலையத்திற்குப் பாய்கின்றது. 1932ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தில், பீறிட்டு வரும் நீர்த்தாரை பெல்ட்டன் சக்கரங்களைச் சுழற்றி மின்சாரத்தை விளைவிக்கின்றது.

இத்தகைய நிலையங்களில் மின்சுமை திடீரென அற்றுப்போமாயின், சக்கரம் கட்டுக்கடங்கா வேகங் கொள்ளும். நீரை உடனே அடைத்தாலோ, அழுத்தம் மிகுந்து குழாய் வெடித்தலுங் கூடும். ஆதலின், முதலில் தகடு ஒன்று தாரையைச் சக்கரத்தினின்று விலக்குகின்றது. பின்னர் ஊசியடைப்பு மெல்ல மூடுகின்றது. முற்காலத்தில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கிய சீராக்கிகள் இப்பணியை ஆற்றின. இக்காலத்தில் இயந்திரத்தினுள்ளேயே பொதிந்த சிறு கணினிகள் பல நிலையங்களில் இதனை மேற்கொள்கின்றன.

வேகங் காத்தல், வெப்பம் அளத்தல், அதிர்வு நோக்கல், செய்தி அனுப்பல் எனப் பணிகள் பலவாதலின், ஒரே கணினியில் பல செயலிகளை அமைப்பதுண்டு. எப்பணியை எச்செயலிக்கு அளிப்பது? 10 பணிகளை 4 வகைச் செயலிகளுக்குப் பகிர்ந்தளிக்க 10,48,576 வழிகள் உள்ளன. ஒவ்வொன்றையும் ஒரு நிமிடமே சோதிப்பினும், இரவுபகலாக ஏறத்தாழ 2 ஆண்டுகள் கழியும்.

இவ்விடர் தீர அறிஞர் நெறியொன்று கண்டனர். உரிய நேரத்தில் பணியை முடிக்கவியலாத அமைப்புகளை விரைவான கணக்கினால் முதலில் விலக்குவர். பின்னர், வேகம், விலை, மின்செலவு ஆகிய எதனிலும் மற்றொன்றை விஞ்சாது, ஒன்றிலேனும் அதனினுந் தாழ்ந்த அமைப்புகளைக் களைவர். எஞ்சிய தொகுதிக்கு இத்தாலியப் பொருளியலறிஞர் பரேட்டோவின் பெயர் வழங்குகின்றது. அச்சிலவற்றை மட்டுமே நுணுகிச் சோதிப்பர். முதற்கணக்குத் தோராயமானதாகலின், எல்லையருகே நிற்பனவற்றை அவசரப்பட்டு ஒதுக்காமையே அறிவுடைமையாகும்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'சக்தி' செயலிகளும் ஒரே வகையின அல்ல. சிறு கருவிகளுக்கு எளியனவும், பெரும்பணிகளுக்கு ஆற்றல் மிக்கனவுமாக அவை வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று 2018ஆம் ஆண்டில் சண்டிகரை அடுத்த மொகாலியில் சில்லாக வார்க்கப்பட்டது.

விலை குறைந்தது என்பதனாலோ, வேகம் மிக்கது என்பதனாலோ மட்டும் ஓர் அமைப்புச் சிறந்ததாகிவிடாது. உரிய நொடியில் தகடு திரும்பினாலன்றிச் சக்கரத்தைக் காத்தல் அரிது. அந்நொடியைத் தவறவிடாத அமைப்புகளுள் செலவு குறைந்ததனைத் தேர்வதே பொறியாளர்தம் கடமையாகும்.