ஜாவா லிஸ்டில் ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று யார் முடிவு செய்வது?

லிஸ்டில் உள்ள ஆப்ஜெக்ட்களை ஒப்பிட்டு, ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்க்கும் நிரலை ஜாவா படிப்பவர்கள் ஆரம்பத்திலேயே எழுதிவிடுகிறார்கள். மாதிரித் தரவில் அது சரியாகவே ஓடும். உண்மையான தரவு வந்ததும் குழுக்கள் சிதறும். குற்றம் பெரும்பாலும் குழு பிரிக்கும் வரியில் இருக்காது. எந்த இரண்டு ஆப்ஜெக்ட்கள் ஒன்று என்பதை ஜாவாவுக்குச் சொல்லாமல் விட்டிருப்போம். அப்படி விடவைக்கும் நம்பிக்கைகள் சில.

நம்பிக்கை: எண்களை ஒப்பிட == போதும்.

இன்ட் வகைக்குப் போதும். ஆனால் லிஸ்டுக்குள் இன்ட் போகாது, இன்டிஜர் ஆப்ஜெக்டாக மாறித்தான் போகும். இரண்டு ஆப்ஜெக்ட்களுக்கு நடுவே == போட்டால் மதிப்பை ஜாவா பார்ப்பதில்லை. இரண்டும் நினைவகத்தில் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்றே பார்க்கிறது. -128 முதல் 127 வரையுள்ள எண்களுக்கு, முன்பே செய்துவைத்த ஆப்ஜெக்டையே ஜாவா திரும்பத் தருகிறது. அதனால் 127ஐ 127உடன் ஒப்பிட்டால் ‘ஆம்’ வரும். 128ஐ 128உடன் ஒப்பிட்டால், வழக்கமான அமைப்பில், ‘இல்லை’ வரும். சோதனைக்குச் சின்ன எண்களையே கொடுப்பவர் கண்ணில் இந்தப் பிழை படவே படாது.

நம்பிக்கை: ஈக்வல்ஸ் எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

இருப்பதிலேயே அதிகம் தொல்லை தருவது இதுதான். இது வேரூன்றக் காரணமும் உண்டு. லிஸ்டின் கன்டெய்ன்ஸ் மெத்தட் ஈக்வல்ஸை மட்டுமே கேட்கிறது, ஆகவே ஈக்வல்ஸ் மட்டும் எழுதிய கிளாஸ் லிஸ்டில் நன்றாகவே நடந்துகொள்ளும். அதே ஆப்ஜெக்டை ஹேஷ்செட்டில் போட்டாலோ, குழுவின் சாவியாக வைத்தாலோ கதை மாறிவிடும். ஹேஷ்மேப் முதலில் ஹேஷ்கோடைப் பார்க்கிறது. அது பொருந்தினால்தான் ஈக்வல்ஸை அழைக்கிறது. நாம் ஹேஷ்கோடு எழுதாதபோது, ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் அதனதன் அடையாளத்தை ஒட்டிய எண் கிடைக்கும். ஆகவே நாம் கவனமாக எழுதிய ஈக்வல்ஸை யாரும் கூப்பிடாமலே, ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தனிக்குழுவாக நின்றுவிடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஹேஷ்கோடு ஒன்றாக இருந்தால் ஆப்ஜெக்டும் ஒன்று என்று நினைப்பது. ஹேஷ்கோடு பின்கோடு மாதிரி. ஒரே வீட்டுக்கு இரண்டு பின்கோடு இருக்கக் கூடாது, ஆனால் ஒரே பின்கோட்டில் ஆயிரம் வீடுகள் இருக்கலாம். ஜாவாவில் ‘அழ’, ‘ஆக’ என்ற இரண்டு சொற்களின் ஹேஷ்கோடை அச்சிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் 94415 என்றே வரும். முதல் எழுத்தின் எண்ணை 31ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டுகிறது ஜாவா. அ-வுக்கு அடுத்த எண் ஆ. ழ-வைவிட க சரியாக 31 குறைவு. கணக்கு சமமாகிவிடுகிறது.

ஜாவா 16இல் நிலைபெற்ற ரெக்கார்டு வகை ஈக்வல்ஸ், ஹேஷ்கோடு என்ற இரண்டு மெத்தட்களையும் தானே எழுதிக்கொள்கிறது. தரவை மட்டும் சுமக்கும் கிளாஸுக்கு அதையே பயன்படுத்துங்கள் என்பேன். ஆனால் ரெக்கார்டுக்குள் அரே இருந்தால், அதன் உள்ளடக்கம் ஒப்பிடப்படாது.

நம்பிக்கை: குழு பிரிக்கும் முன் லிஸ்டை வரிசைப்படுத்த வேண்டும்.

வேண்டாம். 2014இல் ஜாவா 8உடன் வந்த குரூப்பிங்பை, கலைந்து கிடக்கும் லிஸ்டையும் ஒரே ஓட்டத்தில் பிரித்துவிடும். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் லிஸ்டின் பழைய வரிசை அப்படியே இருக்கும். குழுக்களின் வரிசைக்கு மட்டும் உத்தரவாதம் இல்லை. அது தேவையென்றால் லிங்க்டுஹேஷ்மேப்பையோ ட்ரீமேப்பையோ நாமே கேட்டு வாங்க வேண்டும். சாவி மதிப்பே இல்லாமல், அதாவது ‘நல்’ ஆக வந்தால் நிரல் நின்றுவிடும். ஊர்வாரியாகப் பிரிக்கும்போது, ஊர் பெயர் நிரப்பப்படாத ஒரே ஒரு பதிவு போதும்.

நம்பிக்கை: ஒருவர் வயதிலிருந்து இன்னொருவர் வயதைக் கழித்தால், வரிசைப்படுத்தும் கம்பேரட்டர் தயார்.

வயதுக்குச் சரி, கணக்கு நிலுவைக்குச் சரியில்லை. 200 கோடியிலிருந்து -200 கோடியைக் கழித்தால் 400 கோடி வரவேண்டும். இன்ட்டில் அது அடங்காமல் -29,49,67,296 என்று திரும்பிவிடும், பெரியது சிறியதாகிவிடும். இன்டிஜர் கிளாஸின் கம்பேர் மெத்தட் இதற்காகவே இருக்கிறது.

நம்பிக்கை: கம்பேர்டு மெத்தட் பூஜ்யம் தந்தால் ஈக்வல்ஸ் ‘ஆம்’ என்னும்.

பிக்டெசிமலில் 2.0, 2.00 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பேர்டு பூஜ்யம் தரும், ஈக்வல்ஸ் ‘இல்லை’ என்னும். ஹேஷ்செட்டில் இரண்டும் தங்கும், ட்ரீசெட்டில் ஒன்றுதான். விலைவாரியாகக் குழு பிரிப்பவர்கள் கடைசிப் பூஜ்யங்களை முதலில் நீக்கிவிடுவது நல்லது.

நம்பிக்கை: திரையில் ஒன்றாகத் தெரியும் தமிழ்ச்சொல் ஜாவாவுக்கும் ஒன்றே.

தமிழ்த் தரவோடு வேலை செய்கிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முதல் முறையில் ‘கொடைக்கானல்’ 11 குறியீடுகள், இரண்டாவதில் 12. ஈக்வல்ஸ் ‘இல்லை’ என்கிறது, ஊர்வாரிப் பட்டியலில் ஒரே ஊர் இரண்டு குழுவாக வருகிறது. கோயம்புத்தூருக்கும் இதே கதிதான். ஜாவா 6 முதலே இருக்கும் நார்மலைசர் கிளாஸைக் கொண்டு, தரவு உள்ளே வரும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

வரிசையில் இன்னொரு சிக்கல். ஜாவாவின் இயல்பான ஒப்பீடு யூனிகோடு எண்ணைப் பார்க்கிறது, நம் அகரவரிசையை அது அறியாது. யூனிகோடில் ன-வின் இடம் ந-வை அடுத்து. நம் நெடுங்கணக்கில் அது மெய்களின் கடைசி. அதனால் மயிலாடுதுறைக்கு முன்னால் மன்னார்குடி வந்து நிற்கும். ஐசியூ4ஜே நூலகத்தில் தமிழ் அகரவரிசைக்கான ஒப்பீட்டு விதி உண்டு. அதன் கொலேட்டரை கம்பேரட்டர் கேட்கும் இடத்தில் அப்படியே கொடுக்கலாம்.